குடியிருப்புக்குள் பகிர்வு கார் வரப்போகிறது: நிறுவனத்திடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

நாலாம்மாடி (கேள்வி)

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் நான் செயலாளர். ஒரு கார் பகிர்வு நிறுவனம் எங்களை அணுகியிருக்கிறது. கீழ்த்தளப் பார்க்கிங்கில் மூன்று இடம் ஒதுக்கினால் மூன்று கார்களைக் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். ஆப்பில் புக் செய்து, மணிக்கணக்கில் எடுத்து, நாமே ஓட்டிப் போய்விட்டுத் திரும்ப அதே இடத்தில் விட வேண்டும். டிரைவர் கிடையாது.

இது நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கட்டடத்தில் வீடுகளைவிட இப்போது கார்கள் அதிகம். விருந்தாளிகளுக்கு என்று விட்டிருந்த இடம் முதலில் போனது. அப்புறம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிய ஓரமும் போனது. மாதக் கூட்டத்தில் பாதி நேரம் பார்க்கிங் தகராறிலேயே கழிகிறது. ஆனால் கீழே போய்ப் பார்த்தால் கவர் போட்டு மூடிய கார்கள் வரிசையாக நிற்கின்றன. கவரின் மேல் தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி, வாரக்கணக்கில் நகராத வண்டிகள். பல வீடுகளுக்கு அது இரண்டாவது கார். என்றைக்காவது கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று வாங்கி நிறுத்தியது. அப்படிப்பட்ட நாட்களுக்கு எல்லோருக்கும் பொதுவாக மூன்று கார் போதும் என்பது என் எண்ணம்.

நிறுவனம் அனுப்பிய ஒப்பந்த வரைவைப் படித்தேன். இடம் தர வேண்டும், விளக்கு எரிய வேண்டும், மின் இணைப்பு தர வேண்டும், கேட்டில் தடுக்கக்கூடாது என்று நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. இங்கே குடியிருப்பவருக்கு அவர்கள் என்ன செய்து தருவார்கள் என்பது ஒரே ஒரு பத்தி, அதுவும் விளம்பர நடையில்.

இப்படிப்பட்ட சேவையை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள். ஒரு குடும்பம் நம்பி இரண்டாவது காரை விற்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் என்ன எழுதி வாங்கியிருக்க வேண்டும்? கட்டணம் பற்றிய பேரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது மற்றவை.

---

கார் இல்லாதவன்

வணக்கம் மேடம். சொந்தக் காரை விற்றுப் பல வருடம் ஆகிறது. பகிர்வு காரை வைத்தே வீட்டை ஓட்டுகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இடத்தைக் கொடுத்த பிறகு புலம்பும் சங்கங்கள்தான் அதிகம், கொடுப்பதற்கு முன்னால் கேட்கிறவர்கள் குறைவு.

நான் முதலில் கேட்பது நிச்சயம். நான் கேட்ட நேரத்தில், கேட்ட இடத்தில் கார் இருக்குமா? சொந்தக் காருக்கு மனிதர்கள் இவ்வளவு செலவு செய்வதே கீழே இறங்கினால் அது நிற்கும் என்பதற்காகத்தானே. அந்த நம்பிக்கையில் முக்கால்வாசியாவது பகிர்வு கார் தராவிட்டால் யாரும் எதையும் விற்க மாட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். முன்பு வேறொரு சேவையில் இருந்தேன். அம்மாவைக் காலையில் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருந்ததால் முந்தின நாளே புக் செய்தாகிவிட்டது. அம்மா முட்டிவலிக்காரர். படி இறங்கிக் கீழே வருவதே அவருக்குப் பெரிய வேலை. வந்து பார்த்தால் இடம் காலி. ஆப்பைத் திறந்தால் ‘உங்கள் கார் தயார்’ என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது. முந்தைய ஆள் நேரம் கடந்தும் திருப்பிக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான் விஷயம். உதவிக்கு எண் கிடையாது, அரட்டைப் பெட்டி மட்டும். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று அது திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் டாக்சி பிடித்துப் போனோம். பணம் திரும்பி வந்தது, சரி. ஆனால் அன்றிலிருந்து அம்மா அந்தக் காரை நம்பவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுப்பதை ஈடு என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த நேரத்தில் ஒரு வண்டி.

இப்போது இருக்கும் சேவையில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. முந்தையவர் தாமதமானால் எனக்கு முன்கூட்டியே தகவல் வரும், பக்கத்தில் இருக்கும் வேறு காருக்கு புக்கிங்கை மாற்றிவிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் டாக்சிச் செலவு அவர்களுடையது. தாமதம் செய்தவருக்கு அபராதம் உண்டு, கார் தேவைப்பட்டால் நேரத்தை ஆப்பிலேயே நீட்டலாம், ஆனால் அடுத்த புக்கிங் இருந்தால் நீட்ட விடாது. உங்கள் ஒப்பந்தத்தில் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்: முந்தையவர் தாமதித்தால், காத்திருப்பவருக்கு எத்தனை நிமிடத்துக்குள் என்ன மாற்று, செலவு யாருடையது. கூடவே, இரவிலும் ஒரு மனிதர் எடுக்கும் தொலைபேசி எண்.

அடுத்தது கீறல் விவகாரம். உறவு கெடுவது பெரும்பாலும் இதில்தான். எடுக்கும்போதும் விடும்போதும் நான் ஒரு சுற்று சுற்றி வந்து நான்கு மூலையையும் படம் எடுக்கிறேன். பம்பரின் அடிப்பக்கம், சக்கரத்தின் விளிம்பு, முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கக் கீழ் மூலை, இந்த மூன்று இடத்தையும் மக்கள் பார்ப்பதில்லை. வழக்கு வருவதும் அங்கேதான். கீழ்த்தளத்தில் வெளிச்சம் போதாது, படத்தில் கீறலும் நிழலும் ஒன்றுபோலத் தெரியும். விளக்கு போடுவது உங்கள் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள் அல்லவா, அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு நல்ல விளக்காகவே போடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தாலும் விபத்தில் நம் கையிலிருந்து போகும் தொகை ஒன்று இருக்கும். அதன் உச்சவரம்பு, எத்தனை நாளுக்குப் பிறகு நம்மேல் குற்றம் சாட்டக்கூடாது, இரண்டையும் எழுதி வாங்குங்கள். போன மாதம் எடுத்த காருக்கு இந்த மாதம் பில் வந்தால் யாராலும் தூங்க முடியாது.

---

பணிமனை

இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் வண்டிப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன். உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் கேட்க வேண்டியது தானாகவே விளங்கும்.

மேடம், கீழ்த்தளம் என்கிறீர்கள். அங்கே போனில் சிக்னல் வருகிறதா? பல வண்டிகளில் கதவு திறப்பது இப்படி: நீங்கள் ஆப்பில் அழுத்தினால் அது நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து வண்டிக்குள் இருக்கும் சிம் வழியாக ஒரு பெட்டிக்கு வரும். உங்கள் போனுக்கோ வண்டிக்கோ சிக்னல் இல்லையென்றால் கதவு திறக்காது. இன்னும் மோசம், திரும்பி வந்து நிறுத்திய பிறகு பயணத்தை முடிக்க முடியாமல் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ப்ளூடூத் வழியாகவோ அட்டையைத் தொட்டோ திறக்கும் வண்டி என்றால் இந்தத் தொல்லை குறைவு. நிறுவனத்தின் ஆளைக் கீழே கூட்டிப்போய் அந்த மூன்று இடத்திலும் திறந்து, மூடி, பயணத்தை முடித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன்னால்.

அந்தப் பெட்டி எப்போதும் விழித்திருப்பதால் வண்டியின் சின்ன பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். தினமும் ஓடும் வண்டிக்குப் பாதகமில்லை. சில நாள் ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்கி, சாவி இல்லாத வண்டி கல்லாகிவிடும். மின்கார் என்றாலும் கதவையும் திரையையும் இயக்குவது இந்தச் சின்ன பேட்டரிதான். ‘சார்ஜ் 80 சதவீதம் காட்டுகிறது, கதவு திறக்கவில்லை’ என்று எங்களுக்கு வந்த அழைப்புகள் எல்லாம் இதுதான். ஆகவே யாரும் எடுக்காவிட்டாலும் வாரம் ஒருமுறை ஆள் வந்து வண்டியைக் கிளப்பி, டயர் அழுத்தம் பார்த்து, உள்ளே துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று கேளுங்கள். துடைப்பதைத் தள்ளிப்போடுவதுதான் நிறுவனங்கள் முதலில் செய்யும் சிக்கனம்.

மூன்று கார் அதே இடத்துக்குத் திரும்பி வரும் என்பது உங்களுக்கு நல்ல ஏற்பாடு. ஊரில் எங்கே வேண்டுமானாலும் விட்டுப் போகலாம் என்னும் வகை கேட்க வசதியாக இருக்கும், 2008ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் கார்2கோ என்ற சேவை அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அந்த வகையில் காலையில் வண்டியெல்லாம் அலுவலகப் பகுதிக்குப் போய் அங்கேயே தேங்கிவிடும். ராத்திரி ஆள் போட்டு ஓட்டி வந்து பரப்ப வேண்டும், அந்தச் செலவு யார் தலையிலாவது விழும். 1974ல் ஆம்ஸ்டர்டாமில் விட்கார் என்று குட்டி மின்கார்களை நிலையத்திலிருந்து நிலையத்துக்கு ஓட்டிப் பார்த்தபோதே இந்தத் தேக்கம் தெரிந்துவிட்டது. குடியிருப்பவருக்கு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வண்டிதான் சரி. நாளைக்கு நிறுவனம் ‘எங்கும் விடலாம் என்று மாற்றுகிறோம்’ என்று சொல்லி உங்கள் மூன்று காரையும் ஊருக்குள் கலைத்துவிடக் கூடாது, அதையும் எழுதுங்கள்.

இனி முக்கியமானது. ஒவ்வொரு வண்டிக்கும் மாதம் இத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று உள்ளே ஒரு கணக்கு உண்டு. அதை எட்டாத வண்டியை அமைதியாக வேறு இடத்துக்கு நகர்த்திவிடுவார்கள். வீட்டில் காரை விற்றவர்களுக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரியவரும்.

பாரிசில் ஆட்டோலிப் என்ற கார் பகிர்வு சேவைக்கு நடந்ததைப் பாருங்கள். 2011 டிசம்பரில் தொடங்கி, உச்சத்தில் சுமார் 4,000 மின்கார்கள், ஒன்றரை லட்சம் அளவுக்குச் சந்தாதாரர்கள். கார்கள் அழுக்காக இருக்கின்றன என்பது பயணிகளின் நெடுநாள் புகார். நஷ்டத்தை யார் சுமப்பது என்று நிறுவனத்துக்கும் உள்ளாட்சிகளுக்கும் தகராறு முற்றி, 2018 ஜூனில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். ஜூலை முடிவில் சேவையே இல்லை. வட அமெரிக்காவில் ஷேர் நவ் என்ற இன்னொரு கார் பகிர்வு சேவை 2019 டிசம்பரில் விலகுவதாக அறிவித்து 2020 பிப்ரவரி இறுதியில் மூட்டை கட்டியது. அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில வாரங்கள். நிறுவனம் நஷ்டத்தில் ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முன்னறிவிப்பு ஆறு மாதமாவது வேண்டும், முதல் வருடம் எவ்வளவு குறைவாக ஓடினாலும் வண்டியை எடுக்கக் கூடாது. உங்கள் இடத்தை இலவசமாகக் கொடுக்கிறீர்கள் என்றால் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

---

ரெட்டைப் பிள்ளைக்காரி

நிறுவனங்கள் எப்போதும் தனியாகப் போகிற ஒரு இளைஞனை நினைத்துக்கொண்டுதான் கார் வைக்கின்றன. எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நான் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

மூன்று காரும் ஒரே சின்ன மாடலாக இருந்தால் ஏற்காதீர்கள். ஒன்றாவது பெரிய டிக்கியுடன் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி மடித்து வைத்தால் டிக்கி மூடுமா என்று நாற்காலியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், அளவைக் காகிதத்தில் பார்த்துப் பயனில்லை. ஒன்றாவது ஆட்டோமேட்டிக்காக இருக்கட்டும். உங்கள் கட்டடத்தில் முதியவர்கள் இருப்பார்கள், கிளட்ச் மிதிக்க முடியாதவர்களும் இருப்பார்கள்.

குழந்தை இருக்கை பற்றி. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, முதுகில் பை. இதோடு வீட்டிலிருந்து இருக்கையையும் சுமந்துகொண்டு கீழே போய், வியர்க்க வியர்க்க பெல்ட்டை நுழைத்துப் பூட்டுவதற்குள் புக் செய்த நேரத்தில் ஒரு பங்கு போய்விடும். குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமல் நேரே மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள காராகக் கேளுங்கள், ‘டக்’ என்று மாட்டிவிடலாம். கீழ்த்தளத்தில் ஒரு பூட்டுள்ள அலமாரி வைத்து, கைக்குழந்தைக்கு ஒன்றும் பெரிய பிள்ளைக்கு ஒன்றுமாக இரண்டு இருக்கையைப் பொதுவில் வையுங்கள். சங்கமே வாங்கலாம். ஆனால் விபத்தில் சிக்கிய இருக்கையைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, பழையது வாங்கிப் போட வேண்டாம்.

இன்னொன்று, ஏறி உட்கார வைப்பதற்கே எங்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். கதவு திறந்த நொடியில் மீட்டர் ஓடத் தொடங்கினால் அது பிள்ளைக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் கூடுதல் வரி போல. முதல் பதினைந்து நிமிடத்துக்குக் காசு வாங்காதீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் சங்கம் கேட்டது, கிடைத்தது.

---

நாலாம்மாடி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று கீழே போய்ப் பார்த்தேன். அவர்கள் கேட்கும் மூன்று இடத்தில் இரண்டில் போன் சிக்னல் சுத்தமாக இல்லை. பணிமனை சார் சொல்லியிருக்காவிட்டால் இது எனக்குத் தோன்றியே இருக்காது.

இரண்டு சந்தேகம். எங்கள் இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் பார்வை மங்கியதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மகள் வேறு பகுதியில் இருக்கிறாள், வரும்போது அவள் ஓட்டி இவரை வெளியே கூட்டிப்போவாள். கணக்கு இவர் பெயரில், ஓட்டுவது மகள். இது அனுமதிக்கப்படுமா?

இரண்டாவது, கூட்டத்தில் பலமாக எழுந்த எதிர்ப்பு. இந்தக் கார்களை வெளியாட்களும் புக் செய்யலாம் என்று வரைவில் இருக்கிறது. கண்டவர்களும் உள்ளே வருவார்கள், பிள்ளைகள் விளையாடும் இடம் என்கிறார்கள். நம்மவர்களுக்கு மட்டும் என்று மாற்றினால் நிறுவனம் சம்மதிக்குமா?

---

பணிமனை

முதலாவதற்கு: கணக்கு வைத்திருப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு என்பதில் தவறில்லை. ஆனால் ஓட்டுகிறவரின் உரிமம் நிறுவனத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத ஆள் ஓட்டி ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். ஒரு வீட்டுக் கணக்கில் பல ஓட்டுநர்களைச் சேர்க்கும் வசதி, அதற்குத் தனிக் கட்டணம் இல்லாமல், என்று கேளுங்கள்.

இரண்டாவதற்கு உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வீடுகளுக்கு மட்டும் என்றால் சனி, ஞாயிறு காலை மூன்று காரும் போதாது, செவ்வாய் மதியம் மூன்றும் நிற்கும். எல்லோருடைய தேவையும் ஒரே நேரத்தில் எழும், ஒரே நேரத்தில் அடங்கும். அந்தச் செவ்வாய் மதியத்தில் வண்டி ஓடினால்தான் மேலே சொன்ன மணி நேரக் கணக்கு நிறைவேறும், உங்கள் கார்களும் நிலைக்கும். பக்கத்துக் கடைக்காரர், அலுவலகக்காரர்கள் வார நாளில் எடுப்பது உங்களுக்கு உதவிதான்.

ஆகவே காரை கேட்டுக்கு வெளியே, அல்லது கேட்டை ஒட்டி உள்ளே, வெளியாள் கட்டடத்துக்குள் நடக்கத் தேவையில்லாத இடத்துக்கு மாற்றுங்கள். சிக்னல் பிரச்சினையும் அத்தோடு போச்சு. ஜெர்மனியின் பிரேமன் நகரம் 2003 முதல் பேருந்து நிறுத்தம், ட்ராம் நிறுத்தம் பக்கத்தில் தெருவிலேயே பகிர்வு காருக்கு இடம் குறித்து வைக்கிறது. அந்த நாட்டில் 2017 செப்டம்பரில் இதற்கென்று தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. உங்கள் உள்ளாட்சியிடமும் தெருவோர இடம் கேட்டு ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். பதிலுக்கு, வார இறுதியில் முன்பதிவு செய்யக் குடியிருப்பவர்களுக்குச் சில நாள் முன்னுரிமை கேட்கலாம். அதற்கு நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும்.

---

கார் இல்லாதவன்

பணிமனை சொன்னதை வழிமொழிகிறேன். சுவிட்சர்லாந்தில் 1987ல் இரண்டு கூட்டுறவுகளாக, பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து தொடங்கியது 1997ல் இணைந்து மொபிலிட்டி என்ற கார் பகிர்வுக் கூட்டுறவு ஆனது. இன்றைக்கு நாடு முழுக்கச் சுமார் 3,000 வண்டிகள், பெரும்பாலும் எடுத்த இடத்துக்கே திரும்புபவை. அது இத்தனை வருடம் நிலைத்ததற்கு, ஓட்டுகிறவர்கள் கையிலும் ஒரு பிடி இருந்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு பிடி வேண்டும். எத்தனை புக்கிங் கிடைக்காமல் போனது, எத்தனை தாமதம், எத்தனை புகார் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கத்துக்குக் கணக்குத் தரட்டும். ஆட்களின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கிடைக்காமல் போன புக்கிங் கூடினால் நான்காவது கார் கேட்க அதுவே ஆதாரம்.

இரண்டாவது காரை விற்க நினைப்பவர்களை அவசரப்படுத்தாதீர்கள் மேடம். முதல் நீண்ட விடுமுறை கடக்கட்டும். ஊரே வெளியே கிளம்பும் அந்த நாட்களில் புக்கிங் கிடைத்ததா, திரும்பி வரும்போது இடம் காலியாக இருந்ததா என்று பார்த்துவிட்டு விற்கட்டும். விற்ற பிறகு அந்தப் பார்க்கிங் இடத்தைச் சங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று இப்போதே தீர்மானம் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமே அங்கே வேறொருவரின் மூன்றாவது கார் வந்து நிற்கும், பிள்ளைகளின் சைக்கிள் ஓரம் திரும்பக் கிடைக்காது.